ஒரே தோற்றக் கோழி, கடும் பழுப்பு முட்டை: தாய்க்கூட்டத்தை எப்படித் தெரிவு செய்வது?

லிந்துலைக் கூடு எழுதியது:

வணக்கம். கறுப்புச் செம்பு மாரன்ஸ் என்ற கோழி இனம் என்று வாங்கிய முட்டைகளில் பொரித்த 14 பெட்டை, 3 சேவல் இருக்கு. இப்போது 11 மாதம். இடம் லிந்துலைப் பக்கம், ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம். லயத்துக்குப் பின்னால் 12 அடிக்கு 8 அடி கூடு, அதோடு சேர்த்து வலை அடித்த கொஞ்சம் வெளி. லேயர் மேஷ் என்ற முட்டைக்கோழித் தீன், கோவா இலை, சிப்பித்தூள் கொடுக்கிறோம்.

முட்டை நிறம் ஒன்றாக இல்லை. சிலது வறுத்த கோப்பிக்கொட்டை மாதிரி, பெரும்பாலானது பிளேன் டீ நிறம், இரண்டு மூன்று வெறும் பிஸ்கட். குஞ்சுகளும் அப்படித்தான். சிலதுக்குக் காலில் இறகு இருக்கு, சிலதுக்கு இல்லை. ஒன்றுக்கு மஞ்சள் கால். இரண்டு பொரித்த அன்றே உடம்பு முழுக்க வெளிர் மஞ்சள்.

அதோடு இன்கியூபேட்டரில் 24 வைத்தால் 11தான் வெளியே வருது. கெட்டுப்போவதில் பாதிக்கு மேல் 19, 20ஆம் நாளில் முழுக்குஞ்சாகி ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகுது. அதிலும் கடும் நிற முட்டைதான் கூட.

மூன்று சேவலில் பெரியது பார்க்க மிக அழகு, கழுத்து நல்ல செம்பு. அதை மட்டும் வைத்துக் கூட்டத்தைக் கட்டலாமா? அது எந்த முட்டையில் வந்தது என்று தெரியாது.

வெலிமடைப் பட்டி எழுதியது:

தம்பி, சேவலை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம். முட்டை நிறத்தைப் பொறுத்தவரை சேவலின் அழகு எதையும் சொல்லாது. அது தன் மகள்களுக்குப் பாதி நிறத்தைக் கொடுக்கிறது, ஆனால் தான் ஒரு முட்டையும் போடுவதில்லை. அதன் தாயின் முட்டையும் தெரியாது என்றால், மகள்கள் முட்டை போடத் தொடங்கும்வரை அது திறக்காத பெட்டிதான்.

நிறம் எங்கே, எப்போது ஏறுகிறது என்று தெரிந்தால் மற்றது சுலபம். முட்டை ஓடு கட்டும் பையில் ஏறத்தாழ 20 மணி நேரம் இருக்கிறது. ஓடு முதலில் வெள்ளையாகத்தான் கட்டுகிறது. பழுப்பு நிறம் புரோட்டோபோர்பிரின் என்ற சாயம். அதில் பெரும்பகுதி முட்டை வெளியே வருவதற்கு முந்திய கடைசிச் சில மணி நேரத்தில் மேலே பூசப்படுகிறது. ஒரு கடும் நிற முட்டையை உடைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை நகத்தால் உரித்துப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். போட்டவுடன் ஈரம் காயாத முட்டையைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தால் விரலில் பழுப்புக் கறை ஒட்டும். கடும் நிற முட்டையைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவக்கூடாது என்பதும் இதனால்தான். நீல முட்டையில் அப்படி இல்லை, அதன் சாயம் ஓட்டின் உள்பக்கம்வரை ஊறியிருக்கும்.

கடைசி நேரப் பூச்சு என்பதால் அது எளிதில் குழம்பும். பூச்சு ஏறும் நேரத்தில் கீரி கூட்டைச் சுற்றினாலோ, நாய் விரட்டினாலோ, கூட்டில் புதுக்கோழி விட்டுச் சண்டை வந்தாலோ கோழி முட்டையை முந்தித் தள்ளிவிடும், அல்லது பிடித்து வைத்துக்கொள்ளும். முந்தி வந்தால் வெளிறும். பிடித்து வைத்தால் பழுப்புக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் படலம் ஏறிச் சாம்பல் பூத்த மாதிரி வரும். அந்த முட்டையின் நிறத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், அது கோழியின் பரம்பரையைக் காட்டும் முட்டை இல்லை.

இன்னும் சில காரணங்களைச் சரிபார்க்க வேண்டும். இரத்தக் கழிச்சலுக்குக் கொடுக்கும் மருந்துகளில் நிகார்பசின் என்று ஒன்று உண்டு. அது பழுப்பு முட்டையின் நிறத்தை ஓரிரு நாளிலேயே வெளுக்க வைக்கும், நிறுத்தினால் நிறம் திரும்பும். இறைச்சிக் கோழித் தீனில் அது இருக்கலாம், ஆகவே பெட்டைக்கு அந்தத் தீனைக் கலக்காதீர்கள். சிவப்பு உண்ணி, குடற்புழு, ராணிக்கெட், தொற்று மூச்சுக்குழல் நோய் எல்லாம் நிறத்தைக் குறைக்கும். அந்தக் கடைசி நோய் வந்துபோன கோழி சில நேரம் பிறகு எப்போதும் வெளிறிய, சுருங்கிய ஓட்டு முட்டைதான் போடும். ஆகவே கூட்டம் முழுவதும் ஒரே கிழமையில் வெளிறினால் அது பரம்பரை இல்லை, நோயோ தீனோ பார்க்க வேண்டும். ஒரு கோழி மட்டும் தொடர்ந்து வெளிறினால் அது அந்தக் கோழியின் குணம்.

அடுத்தது பலர் தவறவிடுவது. ஒவ்வொரு கோழியும் முட்டை போடத் தொடங்கிய முதல் கிழமைகளில்தான் மிகக் கடும் நிறம் போடும். மாதம் போகப் போக நிறம் இறங்கும், இறகு உதிர்த்து ஓய்ந்து மறுபடி தொடங்கும்போது திரும்ப ஏறும். முட்டை பெரிதாவதும் ஒரு காரணம், அதே அளவு சாயம் கூடிய பரப்பில் பரவுகிறது. உங்கள் கோழிகள் நாலைந்து மாதமாகப் போடுகின்றன என்று நினைக்கிறேன். அப்படியானால் இப்போது பிளேன் டீ நிறம் வருவது குறை என்று முடிவு கட்ட முடியாது. 14ம் ஒரே வயது, அது உங்களுக்கு நல்ல வசதி. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு வரிசைப்படுத்தினால் போதும். முதல் மாதத்தில் கறுத்துப் போட்டு நாலாம் மாதத்தில் பிஸ்கட்டுக்கு இறங்குவதைவிட, தொடக்கத்தில் நடுத்தரமாக இருந்து நாலு மாதம் கழித்தும் அங்கேயே நிற்கும் கோழி மேல். தாயாக வைக்க அதைத்தான் தேடுங்கள்.

மாரன்ஸ் வளர்ப்பவர்கள் 1 முதல் 9 வரை நிற அட்டை வைத்திருக்கிறார்கள். 4இல் இருந்துதான் அந்த இனத்து முட்டை என்று கணக்கு. அச்சிட்ட அட்டைக்கு அட்டை நிறம் மாறும், போன் கமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து ஏமாற்றும். உங்களிடம் உள்ள முட்டைகளிலிருந்தே ஐந்து படிகளைத் தெரிந்து, இரு பக்கமும் ஊசியால் துளைத்து ஊதி வெறுமையாக்கி, மூடிய பெட்டியில் இருட்டில் வையுங்கள். வெயிலில் வைத்தால் அந்த அளவு முட்டையே வெளுத்துப்போகும். கோழி முட்டை போடும் பெட்டியில் நேர் வெயில் படக்கூடாது என்பதற்கும் அதுவே காரணம். காலையில் எடுத்த முட்டை காய்ந்த பிறகு, நிழலான ஜன்னல் பக்கம் அளவு முட்டைகளோடு வைத்துப் பார்த்து எண்ணை எழுதுங்கள். ஒரு கோழிக்குத் தொடர்ந்து 10 முட்டை பார்த்துச் சராசரி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மிகக் கடும் நிறம் போடும் கோழி பெரும்பாலும் குறைவாகத்தான் போடும். சின்ன முட்டை இன்னும் கறுப்பாகத் தெரியும். நிறத்தை மட்டும் துரத்தினால் மூன்று நாலு தலைமுறையில் கிழமைக்கு இரண்டு சின்ன முட்டை போடும் கூட்டம்தான் மிஞ்சும். அடை வைக்கும் முட்டை 55 கிராமுக்குக் குறையக்கூடாது, கோழி கிழமைக்கு மூன்றாவது போட வேண்டும் என்று ஒரு அடிக்கோடு வைத்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ளவற்றில் நிறத்தைத் தெரிவு செய்யுங்கள்.

மஸ்கெலியாச் சாரல் எழுதியது:

நிறத்தைப் பற்றி வெலிமடை அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போறேன். தோற்றத்தை நான் சொல்றேன். இந்தக் கூட்டத்துல அதுதான் சீக்கிரம் சரிப்படும், ஏன்னா முட்டை நிறத்தைப் பல மரபணு சேர்ந்து நடத்துது, ஆனா கால் இறகு, தோல் நிறம், வெளிர் குஞ்சு எல்லாம் ஒன்றிரண்டு மரபணுவோட வேலை.

கால் இறகு விஷயம் இனத்தோட சொந்த வரலாறு. மாரன்ஸ் பிரான்சுல மேற்குக் கரையோரத்து ஊர். அங்க உள்ள தரவிதிப்படி காலில் வெளிப்பக்கம் லேசா இறகு இருக்கணும். பிரித்தானியத் தரவிதியில கால் வெறுமையா இருக்கணும். உங்க முட்டைகள் இரண்டு வகையும் கலந்த கூட்டத்துல இருந்து வந்திருக்கணும். இரண்டையும் கலந்தா அரைகுறையா நாலு குச்சி இறகு வரும். இதுல எது அழகுன்னு வாதம் செய்யத் தேவையில்லை. நம்ம பக்கம் மே மாசத்துல இருந்து மழை விடாது, கூட்டு வாசல் சேறுதான். கால் இறகுல சேறு உருண்டை உருண்டையா கட்டும், விரலுக்கு இடையில புண் வரும், செதில் உண்ணி ஒளிஞ்சிருக்கும். வெறுங்காலையே பிடிங்க. வெறுங்கால் பின்தங்கிய குணம், அதாவது தாய், தகப்பன் இரண்டு பக்கமும் இருந்து வந்தாத்தான் வெளிய தெரியும், அதனால வெறுங்கால் சேவலையும் வெறுங்கால் பெட்டையையும் சேர்த்தா குஞ்சும் பெரும்பாலும் வெறுங்காலாத்தான் வரும். ஒரே தலைமுறையில தீர்ற வேலை.

மஞ்சள் காலும் பின்தங்கிய குணம்தான், ஆனா கெட்ட செய்தி அதுலதான் இருக்கு. ஒரு குஞ்சுக்கு மஞ்சள் கால் வந்தா தாய், தகப்பன் இரண்டு பேரும் அதை ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். கறுப்புக் குஞ்சுல கால் முன்பக்கம் பார்த்தா ஏமாந்து போவீங்க, சாம்பல் நிறம் மூடியிருக்கும். பாதத்தைத் திருப்பி அடியைப் பாருங்க. வெள்ளையா இளஞ்சிவப்பா இருந்தா சரி. மஞ்சளா இருந்தா, பெருசானதும் கால் பச்சை கலந்த சாம்பலாத் தெரியும்.

வெளிர் மஞ்சளாப் பொரிச்ச இரண்டும் வீட்டன் என்ற கோதுமை நிற மரபு. கறுப்புச் செம்புக் குஞ்சு மேல கறுப்பு, வயிறு வெளிர்னு பிறக்கணும். இதுவும் தாய் தகப்பன் இரண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தாத்தான் வெளிய வரும், அப்படிப்பட்ட சோடிக்கு நாலுல ஒன்னு விழும். நல்லது என்னன்னா பொரிச்ச அன்னைக்கே கண்ணுக்குத் தெரியுது. அந்த வெளிர் குஞ்சுல ஒரு பெட்டையை வளர்த்து வச்சுக்குங்க. சந்தேகப்படுற சேவலை அதோட சேர்த்து ஏழு குஞ்சு பொரிங்க. ஏழும் கறுப்பா வந்தா, அந்தச் சேவல் வீட்டனை ஒளிச்சு வச்சிருக்க வாய்ப்பு நூத்துக்கு ஒன்னுக்கும் குறைவு. ஒரு வெளிர் குஞ்சு வந்தாலே போதும், சேவல் மாட்டிக்கிச்சு.

அவசரப்பட்டுக் கழிக்கக் கூடாததும் இருக்கு. கறுப்புக் குஞ்சோட முதல் சிறகு நுனியில வெள்ளை இருந்தா அது அடுத்த இறகுல பெரும்பாலும் மறையும். செம்பு நிறத்தை ஆறு மாசத்துக்கு முன்ன மதிப்பிடாதீங்க. 8 கிழமையில விரல் கோணல், கொண்டைப் பக்கத்துல கிளைச்ச முள்ளு, மஞ்சள் பாதம் பார்த்துக் கழிங்க. 16 கிழமையில முதுகு நேரா இருக்கா, நெஞ்செலும்பு வளைஞ்சிருக்கான்னு கையால தடவிப் பாருங்க. இறகு நிறத்தைக் கடைசியா விடுங்க. சேவல் கழுத்து செம்பா இல்லாம எலுமிச்சை மாதிரி வெளிறி இருந்தா வெள்ளி மரபு கலந்திருக்கு, அதை எடுக்கக் கூடாது. அந்த மரபு ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கிற நிறமூர்த்தத்துல இருக்கு, பெட்டைக்கு அது தகப்பன்கிட்ட இருந்து மட்டுந்தான் வரும்.

இப்ப சேவல் எண்ணிக்கை. ஒரே அழகுச் சேவலை 14 பெட்டைக்கு விட்டா அடுத்த வருஷம் எல்லாம் ஒரே தகப்பன் பிள்ளைகள். இனநெருக்கம், அதாவது சொந்தத்துக்குள்ளயே சேர்றது, எப்படி ஏறும்னு ஒரு கணக்கு இருக்கு: சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால பெருக்கி, மொத்தத் தலையால வகுக்கணும். 1 சேவல் 8 பெட்டைக்கு 3.6 வரும், ஒன்றை அதோட இரண்டு மடங்கால வகுத்தா ஒவ்வொரு தலைமுறையும் ஏறத்தாழ 14% இனநெருக்கம் கூடும். 3 சேவல் 12 பெட்டைக்கு 9.6 வரும், 5% அளவுதான் கூடும். நாலு தலைமுறையில இந்த வித்தியாசம் பொரிக்கிற எண்ணிக்கையிலயும் குஞ்சு சாவுலயும் தெரிஞ்சுடும்.

அதனால மூணு குடும்பமாப் பிரிங்க. சிவப்பு, நீலம், மஞ்சள்னு கால் வளையம். மகள்கள் தாயோட குடும்பத்துலயே இருப்பாங்க. மகன்ல நல்லது ஒன்னு அடுத்த குடும்பத்துக்குப் போகும்: சிவப்பு மகன் நீலத்துக்கு, நீல மகன் மஞ்சளுக்கு, மஞ்சள் மகன் சிவப்புக்கு. ஒவ்வொரு வருஷமும் அதே திசை. இப்படிச் சுத்திவிட்டா வெளியில இருந்து கோழி வாங்காம பல வருஷம் ஓட்டலாம், நோய் உள்ள வர்ற வாசலும் அடையும்.

லிந்துலைக் கூடு எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணே. மூன்று தனிக்கூடு கட்ட இடம் இல்லை. கோழி முட்டைப் பெட்டிக்குள் போகும்போது பக்கத்தில் நிற்கவும் முடியாது, காலையில் மலைக்கு வேலைக்குப் போய்விடுவோம். எந்தக் கோழி எந்த முட்டை என்று எப்படிப் பிரிப்பது? இன்னொன்று, சிவப்பு மிளகாயும் செவ்வந்திப் பூவும் தீனில் கலந்தால் முட்டை கறுக்கும் என்கிறார்களே?

வெலிமடைப் பட்டி எழுதியது:

மிளகாயும் செவ்வந்தியும் மஞ்சள் கருவுக்கு மட்டும் நிறம் தரும். ஓட்டின் சாயத்தைக் கோழி தன் உடம்பிலேயே தயாரிக்கிறது, அதைத் தீனால் அதன் பரம்பரை எல்லைக்கு மேல் ஏற்ற முடியாது. புரதமும் சுண்ணாம்பும் குறைந்தால் கீழே இறங்கும், அவ்வளவுதான்.

முட்டையைப் பிரிக்கப் பொறிப்பெட்டிதான் நல்ல வழி. கோழி உள்ளே போனதும் கதவு விழுந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திறந்துவிட ஆள் வேண்டும், வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது சரிவராது. அதற்குப் பதில் சாயம் பயன்படுத்துங்கள். இரவு கோழிகள் கொம்பில் ஏறிய பிறகு, தேட வேண்டிய இரண்டு மூன்று கோழிகளைப் பிடித்து, முட்டை வரும் வாசலின் ஓரத்தில் கேக்குக்குப் போடும் கெட்டியான உணவு நிறத்தைத் துளி பூசுங்கள். ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை. அடுத்த நாள் முட்டையில் அந்த நிறக்கீறு இருக்கும். கடும் பழுப்பில் சிவப்பு தெரியாது, அதை எடுக்காதீர்கள். ஒரு இரவில் மூன்று கோழி, கோழிக்கு மூன்று நாலு தடவை என்று பார்த்தால் 14 கோழியை ஒரு மாதத்தில் முடிக்கலாம். அதற்குள் ஒரே கோழியின் முட்டை வடிவமும் புள்ளியும் உங்கள் கண்ணுக்கே பழகிவிடும். ஒன்று கூர்மையாக, ஒன்று உருண்டையாக, ஒன்று அடிப்பக்கம் மட்டும் புள்ளி தெளித்தது போல வரும். பிறகு சாயம் தேவைப்படாது.

மஸ்கெலியாச் சாரல் எழுதியது:

இடத்துக்கு வழி இருக்கு தம்பி. மூணு குடும்பத்தையும் வருஷம் முழுக்கப் பிரிச்சு வைக்கத் தேவையில்லை. அடைக்கு முட்டை எடுக்கிற ஆறேழு கிழமை மட்டும் போதும். 12 அடிப் பக்கத்தை மூணாப் பிரிச்சா ஒவ்வொன்னும் 4 அடிக்கு 8 அடி, ஒரு சேவலும் நாலு பெட்டையும் தாராளமா இருக்கும். மூணு சேவலுக்கு 12 பெட்டை. மிகவும் வெளிறிய முட்டை போடுற இரண்டை இப்பவே முட்டைக்கு மட்டும்னு ஒதுக்கிடுங்க. தடுப்போட கீழ் இரண்டு அடிக்குத் தகரமோ பலகையோ அடிங்க. சேவல் ஒன்னை ஒன்னு பார்த்தா நாள் முழுக்க வலையோரம் நின்னு சண்டைதான், மிதிக்கிற வேலை நடக்காது.

பிரிச்சதும் முட்டை எடுக்காதீங்க, மூணு கிழமை பொறுங்க. பழைய சேவலோட விந்து பெட்டை உடம்புல இரண்டு மூணு கிழமை உயிரோட இருக்கும். இந்தப் பொறுமை இல்லாததாலதான் பல பேரோட பதிவுப் புத்தகம் பொய்யாகிப் போகுது.

மூணு சேவலையும் ஒரு வருஷம் பயன்படுத்துங்க, அழகானதையும் சேர்த்து. இதுலதான் உங்க கேள்விக்குப் பதில் இருக்கு. எந்த அறையில மஞ்சள் பாதம் விழுது, எந்த அறையில வெளிர் குஞ்சு விழுதுன்னு பொரிச்ச அன்னைக்கே தெரியும். எந்தச் சேவலோட மகள்கள் கறுத்த முட்டை போடுறாங்கன்னு ஏழெட்டு மாசத்துல தெரியும். அதுவரைக்கும் மூணையும் விற்காம வச்சிருங்க. மகள்கள் முட்டையைப் பார்த்துத் தகப்பனைத் தெரிவு செய்யறதுக்கு ஈடான வேற வழி இல்லை.

குஞ்சை அடையாளம் வைக்க, பொரிச்ச அன்னைக்கே கால்விரல் இடைத்தோல்ல சின்னத் துளை போடுவாங்க. இரண்டு காலிலயும் சேர்த்து நாலு இடைத்தோல், துளை போட்டது போடாததுன்னு 16 அடையாளம் வரும். தோல் மெல்லிசா இருக்கிற முதல் நாளே போட்டாத்தான் சுத்தமா விழும். இரண்டு கிழமை கழிச்சுத் திரும்பிப் பாருங்க, சிலது ஆறி மூடிக்கும், மறுபடி போடணும்.

நானுஓயா அடைகூடம் எழுதியது:

பொரிக்கிறதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் எழுதுகிறேன். 24இல் 11 என்பது குறைவு. 19, 20ஆம் நாளில் முழுக்குஞ்சாகச் சாவது என்றால் பெரும்பாலும் ஈரப்பதனும் காற்றும்தான் காரணம்.

கடும் நிற முட்டையின் மேல்பூச்சு தடிப்பு. அதனால் உள்ளே உள்ள நீர் மெதுவாகத்தான் வெளியேறும். நீர் போதிய அளவு வெளியேறாவிட்டால் முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை சிறிதாகவே இருக்கும், குஞ்சு வீங்கி நனைந்து, திரும்பிக் கொத்த இடமில்லாமல் சாகும். செத்த முட்டையை உடைத்துப் பாருங்கள். ஈரமாக, கொழகொழவென்று இருந்தால் ஈரம் கூடிவிட்டது. தோல் காய்ந்து குஞ்சின் இறகில் ஒட்டியிருந்தால் ஈரம் போதவில்லை.

உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் வேகமாக வெளியேறும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் மழைக்காலத்தில் நம் வீட்டுக் காற்றே ஈரமாக இருக்கிறது, முட்டை ஓடும் தடிப்பு. ஒன்று ஏற்றுகிறது, மற்ற இரண்டும் இறக்குகின்றன. ஆகவே புத்தகத்து எண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள். 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12% இழக்க வேண்டும். 60 கிராம் முட்டை 52.8 கிராமுக்கு வர வேண்டும். 7ஆம் நாளில் 2.8 கிராம் குறைந்திருந்தால் சரியான பாதையில் போகிறது. சமையல் மின்தராசு போதும். ஆறு முட்டையில் பென்சிலால் எண் போட்டு, வைத்த நாளும் 7, 14, 18ஆம் நாளும் நிறுத்து எழுதுங்கள். 7ஆம் நாளில் 2 கிராம்கூடக் குறையவில்லை என்றால் தண்ணீர்த் தட்டை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் கடும் நிற முட்டைக்கு மழைக்காலத்தில் முதல் 18 நாள் தண்ணீரே ஊற்றத் தேவைப்படாது. 18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தியதும் 65 முதல் 70% ஈரத்துக்கு ஏற்றுங்கள்.

அடுத்தது காற்றுத் துளை. 1,400 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 15% குறைவு, மூச்சுக்கு வரும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. கடைசி மூன்று நாளில்தான் குஞ்சுக்கு மிக அதிகம் காற்றுத் தேவை. அந்த நேரத்தில்தான் ஈரம் வெளியேறாமல் இருக்கட்டும் என்று பலர் துளையை அடைக்கிறார்கள். லிந்துலையில் அப்படி அடைத்தால் குஞ்சு மூச்சடைத்துச் சாகும். துளை எல்லாவற்றையும் முழுதாகத் திறங்கள். ஈரம் குறைந்தால் வெந்நீரில் நனைத்த ஸ்பொஞ்ச் வையுங்கள், துளையைத் தொடாதீர்கள்.

வெப்பம், விசிறி உள்ள இன்கியூபேட்டர் பெட்டிக்கு 37.5 பாகை. விசிறி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 அளவு. பெட்டியோடு வந்த வெப்பமானியை நம்பாமல் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரவில் நம் பக்கம் அறை 12 பாகைக்குக்கூட இறங்கும். பெட்டியை வெளிச்சுவர் ஓரம் வைத்தால் விடியற்காலையில் ஒரு பக்கத்து முட்டைகள் பிந்தும். உட்சுவர் ஓரம், மேசை மேல், அடியில் ரெஜிபோம் தட்டு வையுங்கள். கரண்ட் போனால் மூடியைத் திறந்து பார்க்காமல் கம்பளியால் மூடுங்கள், ஆனால் காற்றுத் துளை மூடுபடக் கூடாது.

ஒளி பிடித்துப் பார்ப்பதையும் 7ஆம் நாளில் செய்யாதீர்கள். கடும் நிற ஓட்டில் ஒன்றும் தெரியாது, கரு இல்லை என்று நல்ல முட்டையை எறிந்துவிடுவீர்கள். 10ஆம் நாள், இருட்டறை, பலமான எல்ஈடி டோர்ச், அகன்ற முனைப் பக்கமாகப் பாருங்கள்.

குடும்பவாரியாகக் குஞ்சைப் பிரிக்கத் தனித்தனிப் பெட்டி வேண்டியதில்லை. 18ஆம் நாள் ஒவ்வொரு கோழியின் முட்டையையும் வெங்காயம் வரும் நெட் பையில் போட்டு வாயைக் கட்டி வைத்துவிடுங்கள். குஞ்சுகள் அந்தப் பைக்குள்ளேயே பொரிக்கும், கலக்காது. பையில் ஆறு முட்டைக்கு மேல் போட்டால் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து நசுங்கும். காய்ந்ததும் உடனே எடுங்கள், நகம் வலையில் மாட்டும்.

லிந்துலைக் கூடு எழுதியது:

அக்கா, நேற்று செத்த முட்டை மூன்றை உடைத்துப் பார்த்தேன். மூன்றும் ஈரம், குஞ்சு வீங்கியிருக்கு. துளையையும் 18ஆம் நாள் அடைத்திருந்தேன். இந்த முறை தண்ணீர் இல்லாமல் வைக்கிறேன். அறையைப் பிரித்து மூன்று கிழமைக்கு முட்டை எடுக்க முடியாது, அதற்குள் சேர்த்து வைத்திருக்கும் 18 முட்டையை வைக்கலாமா? பழையது 9 நாள்.

நானுஓயா அடைகூடம் எழுதியது:

வைக்கலாம், நம் குளிர் அதற்கு உதவி. 15 முதல் 18 பாகையில் 7 நாள்வரை குறை தெரியாது, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிப்புக் குறையும். 9 நாள் முட்டையைத் தனியாக அடையாளம் போட்டு வையுங்கள், ஏனென்றால் அதில் வரும் குறையை ஈரத்தின் மேல் போட்டுவிடக் கூடாது. கூர்முனை கீழே இருக்கட்டும். வைப்பதற்கு முன் ஐந்தாறு மணி நேரம் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள், குளிர்ந்த முட்டையைச் சூடான பெட்டிக்குள் வைத்தால் ஓட்டில் வியர்வை பூத்துக் கிருமியை உள்ளே இழுக்கும். அழுக்குப் பட்டதைக் கழுவாதீர்கள், காய்ந்த பிறகு விரலால் தட்டிவிடுங்கள், போகாவிட்டால் சமையலுக்கு எடுங்கள்.

வெலிமடைப் பட்டி எழுதியது:

அந்த 18க்கும் தகப்பன் தெரியாது, தம்பி. அதில் வரும் பெட்டைகளுக்கு வளையம் போடாமல் வளருங்கள், முட்டைக்கும் வீட்டன் சோதனைக்கும் எடுக்கலாம். தாய்க்கூட்டத்துக்கு வேண்டாம். சிவப்பு, நீலம், மஞ்சள் வளையம் மூன்று கிழமை கழித்து எடுக்கும் முட்டையில் இருந்து தொடங்கட்டும்.